அகதிகள் ஊரில் பிறந்த அன்றாட வசனம்

ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் நம்மவருள் பலர் அந்தச் சிறிய நீல நிறப் புத்தகத்தைக் கண்டிருப்பர். அயல்வீட்டு மூதாட்டியின் சமையலறை மேசையில், மூக்குக்கண்ணாடிக்கு அருகே அது கிடக்கும். நமக்குப் படிவம் நிரப்பித் தந்த தேவாலயப் பணியாளரின் மேசையிலும், மருத்துவமனைக் கட்டிலின் பக்கத்திலும் அதனைக் காணலாம். ஒவ்வொரு நாளுக்கும் பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு வசனம், புதிய ஏற்பாட்டிலிருந்து ஒரு வசனம், அவற்றைத் தொடர்ந்து ஒரு பாடலடி அல்லது சிறு மன்றாட்டு. அதில் உள்ளவை இவ்வளவே. வாசித்து முடிக்க ஒரு நிமிடம் போதும்.

ஜேர்மன் மொழியில் இந்நூலை ‘லோசுங்கன்’ என்பர். 1731ஆம் ஆண்டுக்கென முதன்முதலில் அச்சிடப்பட்ட இது, அன்று தொடக்கம் ஆண்டுதோறும் வெளிவருகிறது. இன்று 60க்கும் மேற்பட்ட மொழிகளில் இதனைப் படிக்கிறார்கள். இத்தனை பரந்த வழக்கமாகிவிட்ட இந்நூலின் பிறப்பை நம்மவருள் அறிந்தோர் சிலரே. அரண்மனைத் தேவாலயத்திலோ பெரிய கல்லூரியிலோ இது தோன்றவில்லை. சொந்த ஊரை விட்டு இரவோடிரவாக எல்லை கடந்து வந்த அகதிகளின் குடியிருப்பிலே, அவ்வகதிகள் தமக்குள் சண்டையிட்டுப் பிரிந்து, பின் மீண்டும் ஒன்றுகூடிய நாள்களிலே இது பிறந்தது. ஆகவே இவ்வரலாறு நமக்கும் உரியது எனக் கருதி இங்கே சொல்ல முற்படுகின்றோம்.

இரவோடிரவாக வந்தவர்கள்

இன்றைய செக் குடியரசில் அடங்கும் பொஹீமியா, மொறாவியா என்னும் நிலப்பகுதிகளில் 1457ஆம் ஆண்டு ‘சகோதரர் ஐக்கியம்’ என்னும் திருச்சபை உருவாயிற்று. 1415 யூலை 6ஆம் நாள் கொன்ஸ்ரன்ஸ் நகரில் உயிரோடு எரிக்கப்பட்ட யான் ஹுஸ் என்னும் குருவின் வழிவந்தோர் அதனை நிறுவினர். 1620இல் பிராக் நகரின் அருகே நிகழ்ந்த வெள்ளைமலைச் சண்டையில் புரட்டஸ்தாந்தர் தோற்றதும் அச்சபை தடைசெய்யப்பட்டது. அதன் ஆயர்களுள் ஒருவரும் உலகறிந்த கல்வியாளருமான கொமேனியுஸ் நாடிழந்து போலந்திலும் ஹங்கேரியிலும் அலைந்து, இறுதியில் நெதர்லாந்து சென்று, 1670இல் அம்ஸ்ரர்டாம் நகரில் கண்மூடினார். தாய்மண்ணை அவர் மீண்டும் காணவில்லை.

வெளியேற இயலாதோர் ஊரிலேயே தங்கினர். வெளிப்பார்வைக்கு அரசின் சமயத்தை ஏற்றுக்கொண்டு, இரவு வேளைகளில் ஒளித்துவைத்த வேதாகமத்தை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தனர். இவ்வாறு ஒரு நூற்றாண்டு கழிந்தது.

அங்கிருந்து வந்தவர்களுள் கிறிஸ்தியான் டாவிட் என்னும் தச்சுத்தொழிலாளர் ஒருவர். ஜேர்மனியின் கிழக்கெல்லையில், சக்சனி நாட்டில் நிலம் வைத்திருந்த சின்சன்டோர்ப் பிரபுவை அவர் சந்தித்தார். துன்புறும் மக்களுக்குத் தமது நிலத்தில் இடந்தரப் பிரபு உடன்பட்டார். 1722ஆம் ஆண்டு வைகாசி மாதத்தின் ஓர் இரவில், கத்தி செய்யும் தொழிலாளராகிய நெய்சர் குடும்பத்தினர் வீட்டையும் பட்டறையையும் விட்டுச் சிறு பிள்ளைகளுடன் மலைப்பாதை வழியே புறப்பட்டனர். அதே ஆண்டு யூன் 17ஆம் நாள் ஹூட்பெர்க் என்னும் குன்றின் அடிவாரத்தில் கிறிஸ்தியான் டாவிட் முதல் மரத்தை வெட்டினார். கோடரியை ஓங்கியபோது, சிட்டுக்குருவிக்கும் வீடு கிடைத்தது, குஞ்சு பொரிக்கக் கூடு கிடைத்தது என்ற பொருள்பட வரும் 84ஆம் சங்கீதத்தை அவர் நினைவுகூர்ந்தார் என்பர். பிள்ளைகளுக்குப் பால் வேண்டுமென்று பிரபுவின் பாட்டியார் ஒரு பசுவை அனுப்பிவைத்தார். வந்திறங்கிய முதல் வாரத்தில் நமக்குக் கம்பளியும் பால்மாவும் தந்த கைகளை மறவாதோருக்கு இப்பசுவின் பெறுமதி விளங்கும்.

அவ்விடத்துக்கு ‘ஹேர்ன்ஹூட்’ எனப் பெயரிட்டனர். ஆண்டவரின் காவல் என்பது அதன் பொருள். ஆண்டவர் நம்மைக் காக்கிறார், நாமும் அவருக்காக விழித்திருக்கிறோம் என்னும் இரண்டு கருத்தும் அப்பெயரில் அடங்கின.

ஒரே ஊர், பல பிரிவுகள்

அகதிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவர்கள் எல்லை கடந்ததோடு கதையை முடித்துவிடுவர். கடந்தபின் நிகழ்வது என்ன என்பதை அகதிகளாகிய நாமே அறிவோம்.

ஐந்தாண்டுகளில் ஹேர்ன்ஹூட்டில் ஏறத்தாழ முந்நூறு பேர் குடியேறினர். மொறாவியரோடு லூத்தரன் சபையினரும், கல்வினியரும், எச்சபையையும் சேராதோரும் வந்து சேர்ந்தனர். எல்லோரும் விசுவாசத்தின் பொருட்டுத் துன்பப்பட்டவர்கள். ஆதலால் ஒவ்வொருவரும் தத்தம் விசுவாசமே மாசற்றது என எண்ணினர். பாடும் முறையிலே பிணக்கு, திருவிருந்து முறையிலே பிணக்கு. வெளியிலிருந்து வந்த தீவிரப் போதகர் ஒருவர், இடங்கொடுத்த பிரபுவையே வெளிப்படுத்தின விசேடத்தில் சொல்லப்பட்ட மிருகம் என்று பழித்தார். அதனை நம்பியவர்களும் இருந்தனர். முதல் மரத்தை வெட்டிய கிறிஸ்தியான் டாவிட்டே ஊரோடு கூடியிருக்க மனமின்றிப் புறத்தே தனிக்குடில் அமைத்துக்கொண்டார்.

துன்பம் மனிதரைத் தானாகவே நல்லவராக்கிவிடும் என்று நாம் எண்ணுவதுண்டு. ஹேர்ன்ஹூட் அதனை மறுக்கிறது. ஒரே காரணத்துக்காக ஊரிழந்தவர்கள், ஒரே குன்றின் அடியில் வாழ்ந்து, ஒரே வேதாகமத்தை வாசித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருந்தனர். அவர்களிடம் வேதவசனத்துக்குக் குறைவிருக்கவில்லை. ஒவ்வொருவரும் மற்றவரைக் குற்றஞ்சாட்டப் போதிய வசனங்களை மனனஞ் செய்திருந்தனர்.

1727ஆம் ஆண்டு சின்சன்டோர்ப் டிரெஸ்டன் அரசவையில் தாம் வகித்த பதவியிலிருந்து விடுப்புப் பெற்று அக்குடியிருப்புக்கு வந்தார். மேடையேறிக் கண்டிக்காமல் வீடு வீடாகச் சென்று ஒவ்வொருவரின் மனக்குறையையும் கேட்டார். அவ்வாண்டு மே 12ஆம் நாள் ஊரார் யாவரும் கூடி ஓர் உடன்படிக்கைக்குக் கைகொடுத்து இசைந்தனர். ஹேர்ன்ஹூட்டில் பிறந்தவர் எவரும் அடிமைக்குடியாக இருத்தலாகாது, கருத்து வேறுபட்ட சகோதரரோடும் அன்பு முறியலாகாது என்பன அதன் சாரம். பன்னிரு மூப்பர்களைத் தெரிந்தெடுத்தனர். அவர்களுள் ஊரை விட்டு ஒதுங்கியிருந்த தச்சரும் ஒருவரானார்.

ஓகஸ்ட் 13ஆம் நாள் அருகிலுள்ள பெர்த்தெல்ஸ்டோர்ப் ஊர்த் தேவாலயத்தில் யாவரும் திருவிருந்தில் பங்குகொண்டனர். முறிந்திருந்த உறவுகள் அன்று கண்ணீரோடு ஒட்டின என்று அச்சபையார் இன்றும் அந்நாளை நினைவுகூருகின்றனர். வழிபாடு முடிந்தபின்னும் கலைந்து செல்ல மனமின்றிச் சிறு சிறு குழுக்களாகப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்குப் பிரபு தம் வீட்டிலிருந்து உணவு அனுப்பினார். சமாதானம் நீடிக்க வேண்டுமாயின், பசியோடு வீட்டுக்குப் போகவிடாமல் கூடவிருந்து உண்ணச் செய்யவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

தூர தேசங்களின் செய்தியைக் கேட்டு வளர்ந்தவர் இந்தப் பிரபு என்பதையும் நாம் குறிப்பிடவேண்டும். இளம்பருவத்தில் அவர் ஹாலே நகரில் பிராங்கே என்பவரின் கல்விக்கூடத்தில் பயின்றார். தரங்கம்பாடியில் 1706இல் கரையிறங்கித் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு அந்நிறுவனத்தோடு நெருங்கிய தொடர்புடையவர். 1715இல் அவர் ஹாலேக்கு வந்தபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் ஒருவரும் உடன் வந்திருந்தார். சின்சன்டோர்ப் அப்போது அங்கே மாணவர். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வந்த கடிதங்களும் செய்திகளும் அவர் உள்ளத்தில் பதிந்தன.

32 வீடுகளின் கதவுகள்

ஒருநாள் ஒட்டிய உறவு மறுநாளும் ஒட்டியிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு அருளப்பட்ட மன்னாவை நாம் நினைத்துப் பார்க்கலாம். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றே பொறுக்கவேண்டும். மறுநாளுக்கென எடுத்துவைத்தால் புழுத்துப்போகும். ஒப்புரவும் அத்தகையதே. அதனை நாள்தோறும் புதுப்பிக்க ஒரு வழி வேண்டியிருந்தது.

1728 மே 3ஆம் நாள் மாலைப் பாடல் வழிபாட்டின் முடிவில் சின்சன்டோர்ப் கூடியிருந்தோருக்கு மறுநாளுக்கான ஒரு சிறு வாக்கியத்தைக் கொடுத்தார். அடுத்த நாளும் ஒன்று கொடுத்தார். அதுவே வழக்கமாயிற்று. அதிகாலையில் அவ்வாக்கியத்தை ஒரு சகோதரரோ சகோதரியோ ஊரிலிருந்த 32 வீடுகளுக்கும் கொண்டு சென்றனர்.

இங்கேதான் நாம் சற்று நின்று கவனிக்கவேண்டும். அந்நாளில் வசனம் அச்சிட்ட தாளாக வரவில்லை. ஒரு மனிதரின் வாயிலே வந்தது. அவர் கதவைத் தட்டவேண்டும். உள்ளேயிருப்பவர் திறக்கவேண்டும். வசனத்தைச் சொன்ன கையோடு அவ்வீட்டாரின் சுகதுக்கத்தையும் விசாரிப்பார். நோயாளி உண்டா, விறகு உண்டா, மனத்தாங்கல் உண்டா என்பனவெல்லாம் அப்போதே தெரியவரும். மாலையில் அச்செய்திகள் சபையின் ஜெபத்திலும் உதவியிலும் இடம்பெறும். நேற்றுவரை பேசாதிருந்தவரின் வாசலுக்கும் இன்று போகவேண்டும். ஆண்டவரின் வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு வீட்டை மட்டும் தாண்டிச் செல்வது எங்ஙனம்?

‘லோசுங்’ என்னும் சொல்லுக்குப் படைவீரர் தம்மவரை இனங்காணப் பயன்படுத்தும் அடையாளச் சொல் என்பது பொருள். காவலரணில் நிற்பவன் கேட்பான். வருபவன் அச்சொல்லைச் சொன்னால் வழிவிடுவான். சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற நமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. எனினும் ஹேர்ன்ஹூட்டார் அச்சொல்லை வேறு விதமாகப் பயன்படுத்தினர். யாரை உள்ளே விடலாம், யாரைத் தடுக்கலாம் என்று பிரிப்பதற்காக அது வழங்கப்படவில்லை. அதே அடையாளச் சொல் எல்லா வீட்டுக்கும் கொடுக்கப்பட்டது.

அக்குடியிருப்புக்கும் விசாரணைகள் வந்தன. தம் குடிகளைச் சின்சன்டோர்ப் இழுத்துக்கொள்கிறார் என்று ஒஸ்ரியப் பேரரசு முறையிட, 1732இல் சக்சனி அரசின் ஆணைக்குழு நேரில் வந்து ஊராரை விசாரித்தது. 1736இல் சின்சன்டோர்ப்பே நாடு கடத்தப்பட்டார். அகதிகளுக்கு இடங்கொடுத்தவர் பத்தாண்டுக்கு மேல் தாமும் அகதியாக அலைந்தார். பயணத்தில் இருந்தோரும் ஊரில் இருந்தோரும் கடல்கடந்து சென்றோரும் ஒரே நாளில் ஒரே வசனத்தை வாசிக்க அச்சிட்ட நூல் துணைசெய்தது. ஒரு குன்றடியில் வாழ்ந்தோரின் வழக்கம், சிதறிய மக்களைப் பிணைக்கும் கயிறாயிற்று.

சீட்டும் குறியும்

இன்றும் ஹேர்ன்ஹூட்டில் ஆண்டுக்கு ஒருமுறை கூடி, ஏறத்தாழ 1,800 பழைய ஏற்பாட்டு வசனங்களிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாகச் சீட்டெடுக்கின்றனர். மூன்று ஆண்டுகளுக்கு முன்னதாகவே இது நடைபெறும். அவ்வசனத்துக்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தைப் பின்னர் ஆராய்ந்து தெரிவு செய்கின்றனர்.

சீட்டு என்றவுடன் ஒரு எச்சரிக்கையும் வேண்டியதாகிறது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவேண்டிய நாளில் கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைக் குறியாகக் கொள்வோர் நம்மிடையே உண்டு. திறந்த வாசலைப் பற்றிய வசனம் வந்தால் அனுமதி கிடைக்கும் என்று மகிழ்வர். மறுவாரம் தபாற்பெட்டியில் நிராகரிப்புக் கடிதம் கிடக்கும். கடிதத்தோடு விசுவாசமும் கிழிந்துபோகும். இவ்வாறு உள்ளம் உடைந்தோரை ஏளனஞ்செய்வது நம் நோக்கமன்று. கரையைக் காணாதவன் எதனையும் பற்றிக்கொள்வான். ஆயினும், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தைப் பாருங்கள். விரைவில் திரும்பிவிடுவீர்கள் என்று குறிசொன்னவர்களை நம்பவேண்டாம் என்கிறார் அவர். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் வாழும் நகரின் நலத்துக்காக மன்றாடுங்கள் என்பதே அவர் சொன்ன புத்தி. வரப்போவதை முன்னறிவிக்கும் வேலையை வசனத்திடம் கொடுத்தால் அது நம்மைக் கைவிட்டதாகத் தோன்றும். இன்றைக்குச் செய்யவேண்டியது யாது என்று கேட்டால் அது விடை தரும்.

வாசித்தும் காணாதவை

நாள்தோறும் வசனம் வாசித்தவர்கள் நாள்தோறும் அதன்படி நடந்தார்களா? உள்ளதை உள்ளபடி சொல்வதே முறை.

1732 ஓகஸ்ட் மாதம் லியோன்ஹார்ட் டோபர் என்னும் குயவரும் டாவிட் நிற்ச்மன் என்னும் தச்சரும் ஹேர்ன்ஹூட்டிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டுக் கொப்பன்கேகன் சென்று, அங்கிருந்து கரிபியன் கடலில் டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த சென் தோமஸ் தீவுக்குக் கப்பலேறினர். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வதைக்கப்பட்ட ஆபிரிக்க மக்களைத் தேடியே அவர்கள் போயினர். அகதிகள் வந்து பத்து ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. தமது துயரத்தையே பாடிக்கொண்டிராமல், தம்மிலும் தாழ்த்தப்பட்டோரின் வாசலைத் தட்டச் சென்ற அச்செயல் போற்றுதற்குரியது.

ஆயின் 1738இல் அதே தீவில் அச்சபையார் ஒரு தோட்டத்தை வாங்கினர். அதில் வேலைசெய்த அடிமைகளும் அவர்களது உடைமையாயினர். அடிமைக்குடி இல்லாத ஊர் என்று உடன்படிக்கை செய்தவர்கள், காலையில் வசனம் வாசித்துவிட்டு மனிதரை உடைமையாக வைத்திருந்தனர். வசனம் அவர்கள் கண்முன் இருந்தது, கண்தான் திறக்கவில்லை. வார்த்தையைக் கேட்டும் அதன்படி செய்யாதவன், கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு, அப்பாற் சென்றவுடன் தன் சாயலை மறந்துபோகிறவனுக்கு ஒப்பாவான் என்று யாக்கோபு எழுதியது பக்தியுள்ளோருக்கே.

நம்மிடையேயும் அத்தகைய மறதிகள் உண்டு. அந்நிய நாட்டிலே நிறத்தால் ஒதுக்கப்படும்போது நாம் கொதிக்கிறோம், அதுவே நியாயம். அன்று மாலையே திருமணப் பேச்சில் சாதி கேட்கிறோம். திருவிருந்துப் பந்தியில் ஒன்றாக முழந்தாளிட்டவரை வீட்டுப் பந்தியில் வேறாகப் பார்க்கிறோம். அந்நியனை ஒடுக்காதே, நீயும் எகிப்திலே அந்நியனாயிருந்தாய் என்ற கட்டளையை நமக்குச் சாதகமாக மேற்கோள் காட்டுகிறோம். நமக்குப் பின் வேறொரு நாட்டிலிருந்து வந்து, நம் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் குடியேறிய அகதிக் குடும்பத்தை ஏற இறங்கப் பார்க்கிறோம்.

சிறையிலும் அதே வசனம்

இந்நூலை நாள்தோறும் படித்தவர்களுள் ஒருவர் டீட்ரிக் பொன்ஹோபர் என்னும் ஜேர்மன் இறையியலாளர். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்த அவர், 1939 யூன் மாதம் நண்பர்களின் ஏற்பாட்டில் நியூயோர்க் சென்றார். அங்கே பாதுகாப்பும் பதவியும் காத்திருந்தன. ஆனால் அவர் மனம் அமைதி பெறவில்லை. நாட்குறிப்பில் அந்தந்த நாளின் வசனங்களோடு போராடி எழுதினார். அந்நாள்களில் ஒருநாள், சிறையிலிருந்த பவுல் தீமோத்தேயுவை மாரிகாலத்துக்கு முன் வந்துவிடும்படி அழைக்கும் வரி அவர் கண்ணிற்பட்டது. அது தமக்கே சொல்லப்பட்டதுபோல் அவரைத் தைத்தது. யூலையில் கப்பலேறி ஜேர்மனிக்குத் திரும்பினார். 1943 ஏப்ரலில் கைதானார். பேர்லின் ரேகல் சிறையில் இருந்தபடியே, 1944ஆம் ஆண்டு பெந்தெகொஸ்தே நாள்களுக்குரிய வசனங்களுக்குச் சிந்தனை எழுதி நண்பருக்கு அனுப்பினார். 1945 ஏப்ரல் 9ஆம் நாள் புளொசன்பேர்க் வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டார்.

இதனை வாசிக்கும் அகதியின் உள்ளம் ஒருகணம் துணுக்குறலாம். அவர் திரும்பிச் சென்றாரே, நாம் தப்பி வந்தோமே என்ற குற்றவுணர்வு நம்மில் பலரை இரவில் எழுப்புவதை நாம் அறிவோம். அதற்கு இங்கே ஒரு சொல் கூறவேண்டும். பொன்ஹோபரின் முடிவு அவருக்குரியது. மற்றவர்மேல் சுமத்தும் சட்டமன்று. ஏரோதின் வாளுக்குத் தப்பி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவிலேயே எகிப்துக்கு ஓடும்படி யோசேப்புக்குச் சொன்னதும் அதே ஆண்டவர்தாம். பிள்ளையின் உயிரைக் காக்க ஓடியவன் விசுவாசத்தில் குறைந்தவனல்லன். திரும்புவதா, தங்குவதா என்பதைக் காட்டிலும், தாம் நிற்கும் இடத்தில் யாருக்கு அயலவராக இருக்கவேண்டும் என்ற கேள்விக்கு மழுப்பாமல் விடையளித்தாரே, அதுவே பொன்ஹோபரிடம் நாம் கற்கவேண்டியது.

நம் வீட்டு வாசலில்

ஊரில் நமக்கும் ஒரு வழக்கம் இருந்தது. விளக்கு வைத்தபின் கத்தோலிக்க வீடுகளில் செபமாலை ஒலிக்கும். புரட்டஸ்தாந்த வீடுகளில் அப்பு வேதாகமத்தை விரிக்க, பிள்ளைகள் பாயில் வரிசையாக அமர்ந்து குடும்ப ஜெபம் நடக்கும். அயலிலுள்ள சைவ வீட்டில் தேவாரம் கேட்கும். புலம்பெயர்ந்த வாழ்வில் அந்த நேரம் சிதறிவிட்டது. தந்தை உணவகச் சமையலறையிலிருந்து நள்ளிரவில் வருகிறார். தாய் விடியற்காலை நாலு மணிக்குத் துப்புரவு வேலைக்குப் புறப்படுகிறார். பிள்ளைகள் வேறு மொழியில் சிந்திக்கிறார்கள். எல்லோரும் ஒன்றாக அமர்வதற்கு ஒரு மணிநேரம் கிடைப்பதில்லை. ஒரு நிமிடம் கிடைக்கும்.

அந்த ஒரு நிமிடத்தை எவ்வாறு பயன்படுத்தலாம்? ஹேர்ன்ஹூட்டின் அகதிகளிடமிருந்து மூன்று காரியங்களை எடுத்துக்கொள்ளலாம் என்று கருதுகின்றோம்.

முதலாவது, ஒரே வசனத்தை வீட்டார் யாவரும் கொள்ளுதல். தமிழ் வேதாகமமும், பிள்ளை பாடசாலையில் பயிலும் மொழியின் வேதாகமமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். தாய் தமிழில் வாசிக்க, மகள் ஜேர்மனிலோ பிரெஞ்சிலோ வாசிக்கட்டும். ஒரு சொல்லுக்கு இரு மொழியிலும் பொருள் தேடும்போது பெற்றோரும் பிள்ளையும் பேசிக்கொள்வர். பேச்சே குறைந்துபோன வீடுகளில் அதுவும் ஒரு பேறுதான்.

இரண்டாவது, அவ்வசனத்தை ஒருவருக்குக் கொண்டுசெல்லுதல். இன்று கைத்தொலைபேசியில் வசனங்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிகின்றன. பூப்படத்தின்மேல் எழுதிய வாக்கியத்தை விரலால் தட்டி ஐம்பது பேருக்கு அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கிறோம். ஹேர்ன்ஹூட்டில் வசனம் கொண்டுசென்றவர் விடை கேட்காமல் திரும்பியதில்லை. ஆகவே ஐம்பது பேருக்கு அனுப்புவதிலும், தனியே வாழும் முதியவர் ஒருவரை அழைத்து, வசனத்தைச் சொல்லி, சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்தீர்களா, கடிதம் ஏதும் வந்ததா என்று கேட்பது மேல். முகாமில் முடிவுக்காகக் காத்திருக்கும் இளைஞனுக்கு அந்த அழைப்பு, அன்றைய நாளில் தன் பெயரைச் சரியாக உச்சரித்த ஒரே குரலாகவும் இருக்கலாம்.

மூன்றாவதே கடினமானது. ஒரு நகரில் நம்மவர் நூறு குடும்பம் இருந்தால் அங்கே எத்தனை பிரிவுகள் என்பதை வாசகர்கள் அறிவர். ஊர்ப் பிரிவு, அரசியற் பிரிவு, சபைப் பிரிவு. சீட்டுப் பணத்தில் முறிந்த நட்பு. ஊரிலுள்ள காணி உறுதியில் முறிந்த உடன்பிறப்பு. ஒரே தேவாலயக் கட்டடத்தில் காலையில் ஒரு தமிழ்ச் சபையும் மாலையில் இன்னொரு தமிழ்ச் சபையும் கூடி, வாசற்படியில் எதிர்ப்பட்டும் வணக்கம் சொல்லாத நிலையையும் நாம் கண்டிருக்கிறோம். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது உன்மேல் சகோதரனுக்குக் குறையுண்டென்று நினைவுவந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதை இந்த இரு சபையாரும் மனனமாகச் சொல்வர். அதன்படி வாசற்படியில் ஒரு வணக்கம் சொல்வதற்கு மட்டும் எவரும் முந்துவதில்லை.

எல்லாப் பிணக்கும் ஒரு வணக்கத்தில் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. போரின் ஆண்டுகளில் நேர்ந்த சில காயங்கள் ஆழமானவை. அவற்றுக்கு நியாயமும் உண்மையும் வேண்டும். மறந்துவிடு என்று பாதிக்கப்பட்டவரிடம் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் சீட்டுக் காசுக்காகவும் மேடையில் நாற்காலி கிடைக்காமைக்காகவும் பேசாதிருக்கும் பத்தாண்டுகளுக்கு அந்த நியாயம் பொருந்தாது. ஹேர்ன்ஹூட்டில் சின்சன்டோர்ப் முதலிற் செய்தது வீடு வீடாகப் போய்க் கேட்டது. தச்சர் செய்தது தனிக்குடிலை விட்டு மீண்டும் ஊருக்குள் வந்தது. இரண்டும் நம்மால் செய்யக்கூடியவையே.

1945 மே மாதம் போர் முடிந்த நாள்களில் ஹேர்ன்ஹூட்டின் நடுப்பகுதியும் தேவாலயமும் எரிந்தன. மீண்டும் கட்டினார்கள். 2024இல் அவ்வூர் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. குன்றின்மேல் உள்ள இடுகாட்டில் தச்சரும் குயவரும் ஆசிரியரும் ஒரே விதமான தட்டைக் கற்களின் கீழ் வரிசையாக உறங்குகின்றனர். மார்கழியில் ஜேர்மன் வீடுகளின் வாசலில் ஒளிரும் காகிதத் தாரகையும் அச்சபையாரின் விடுதிப் பாடசாலையிலிருந்து வந்ததே. இனி அத்தாரகையைக் காணும்போது, நம்மைப்போல் சிறு பிள்ளைகளுடன் இருளில் எல்லை கடந்த அந்தக் கத்தித் தொழிலாளரின் குடும்பத்தையும் நினைத்துக்கொள்வோம்.

நாளைக்குரிய வசனத்தை இன்றிரவே ஒரு தாளில் எழுதி மேசையில் வைப்போம். அதனை எந்த வாசலுக்குக் கொண்டுபோகவேண்டும் என்பதை எவரும் நமக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. பல ஆண்டுகளாக நாம் தாண்டிச் செல்லும் அந்த வீடு எது என்பது நம் ஒவ்வொருவருக்கும் தெரியும்.